உமக்குப் படைக்காத முட்டைச் சோறு

மச்சாள், நீர் செத்து எட்டாம் நாள், உமது எட்டுச்செலவன்று உம்முடைய பிள்ளைகள் இலையில் நண்டுக்கறி படைத்தார்கள். அது பிழை. நண்டு உமக்கு ஒத்துக்கொள்ளாது. சாப்பிட்டால் உடம்பெல்லாம் தடிக்கும். ஆயுள் முழுக்க அவர்களுக்கு உடைத்துக் காய்ச்சிக் கொடுத்தீர், ஒரு துண்டு வாயில் வைத்ததில்லை. அதை ஒரு பிள்ளையும் கவனிக்கவில்லை.

நீரும் நானும் வழமையாக வரும் யப்பான் சாப்பாட்டுக் கடைக்கு இன்று தனியே வந்தேன். கதவைத் திறந்ததுமே வெண்ணெயில் முட்டை பொரியும் வாசனை. அதோடு நீரும் வந்துவிட்டீர். கோட்டைக் கழற்றாமல், கைப்பையை மடியில் வைத்தபடி, எதிர்க் கதிரையில் இருக்கிறீர்.

முதல்முறை மழைக்கு ஒதுங்கித்தான் உள்ளே வந்தோம். பச்சை மீன் தருவார்களோ என்று எனக்குப் பயம். படங்களைப் பார்த்தால் வெள்ளைக்காரரின் சாப்பாடு போலவும் இருந்தது, இல்லாதது போலவும் இருந்தது: தக்காளிச் சோசில் பிரட்டிய ஸ்பகெட்டி, குழம்பில் மிதக்கும் இறைச்சி வடை, முட்டையைப் போர்த்திய சிவந்த சோறு. நீர் அந்தச் சோற்றில் விரலை வைத்தீர். தட்டு வந்து, கத்தி பட்டதும் முட்டை மெல்ல நடுங்கி விரிந்து சோற்றை மூடியது. யன்னலுக்கு வெளியே பஸ்கள் தண்ணீருக்கடியில் போவதுபோல் போயின.

"இது ஆற்றை சாப்பாடு, மச்சாள்? வெள்ளைக்காரற்றையோ, யப்பான்காரற்றையோ?" என்று கேட்டேன்.

"ஒருத்தற்றையும் இல்லை. அதாலை உப்புக் காணாதெண்டு ஒருத்தரும் சொல்லமாட்டினம்."

பிள்ளைகளையும் ஒருநாள் கூட்டி வருவோமா என்றேன். "சும்மா இரும். பிறகு அவையள்தான் ஓடர் பண்ணுவினம். எனக்குத் தட்டு வழிச்சல்தான் வரும்," என்று சிரித்தீர்.

எட்டுச்செலவன்று காலையில் உமது மூத்தவனிடம் இந்தச் சோற்றைப் படைக்கச் சொன்னேன்.

"யப்பான் சாப்பாடோ மாமி? சனம் சிரிக்கும். அம்மாவுக்கு நண்டெண்டால் உயிர்."

"உயிர் உனக்கடா," என்றேன்.

மருமகள் என் கையைப் பிடித்துக் கொண்டுபோய்ச் சோபாவில் இருத்தினாள். கவலையில் கிழவிக்கு மூளை கலங்கிவிட்டது என்று நினைத்திருப்பாள். கலங்கவில்லை. அன்று நான் அந்த வீட்டில் கை நனைக்கவில்லை.

இப்போது தட்டு வருகிறது. எழும்பும் ஆவிக்குள் உமது முகம் தெரிகிறது. நான் ஊதவில்லை. தானாக ஆறட்டும்.

வருஷம் திரும்பி உமது ஆட்டைத் திவசம் வருகிறது. மூத்தவன் அதற்கு முன் இங்கே வந்து இந்தச் சோற்றைச் சாப்பிட்டுப் பார்க்க வேண்டும். மருமகள் அன்று நண்டு வாங்கக் கூடாது. மகள் இலை விரிக்க வேண்டும். சோற்றை நான் கொண்டுவருவேன். மோர்டன் ஸ்டேஷனில் ரயிலால் இறங்கி, பஸ்ஸில் மடியில் வைத்து, சூட்டோடு. படைத்தபின் அறைக் கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே நிற்க வேண்டும். நீர் ஆறுதலாகச் சாப்பிட்டு முடிக்கும்வரை ஒருவரும் "அம்மா" என்று கூப்பிடக் கூடாது.