சனிக்கிழமை அலை இருக்காது

மார்ச் 3, செவ்வாய்

காலையில் போட்டது: காற்று கரையிலிருந்து கடலுக்கு, மெல்ல. அலை இடுப்பளவு. மதியத்துக்கு மேல் கடல்காற்று எழும்பி அலையைக் கலைத்துவிடும். புதிதாகக் கற்றுக்கொள்பவர்கள் காலையிலேயே இறங்கிவிடுங்கள்.

ஃபோனில் நான் நடத்தும் கடல்நிலைப் பக்கத்தை இந்தக் கடற்கரையில் அலைச்சறுக்குப் பலகை வைத்திருக்கும் எல்லோரும் பார்க்கிறார்கள். சோறு போடுவது என்னவோ மருந்துக்கடை வேலைதான்.

கடை ஷட்டரைத் தூக்கித் திரும்பினால் எதிர்ச்சுவரில் அந்த ஆளின் முகம். பசை கூடக் காயவில்லை. அலைச்சறுக்குப் போட்டி, இம்மாதம் 21, 22. நடத்துபவர்: கேப்டன். ஒரு தோணியைக்கூட ஓட்டியதில்லை, ஆனால் ஊருக்கே கேப்டன். சர்ஃபிங் பள்ளி வைத்திருக்கிறார். பல் தெரியச் சிரிக்கிறார்.

நாள் முழுக்க அந்தப் பல்லைப் பார்த்துக்கொண்டே மாத்திரை எடுத்துக் கொடுத்தேன்.

மார்ச் 5, வியாழன்

எழுதினால் ஆறுமா? ஆறாது. இருந்தாலும் எழுதுகிறேன்.

சில வருடங்களுக்கு முன் நான் கடலோர வானிலை அலுவலகத்தில் இருந்தேன். அந்த வருடப் போட்டிக்குக் கடல் எப்படி இருக்கும் என்று என்னைத்தான் கேட்டார்கள். இறுதிச்சுற்றன்று காலையில் கேப்டனிடம் முகத்துக்கு நேரே சொன்னேன்: "சார், பதினொரு மணிக்கு மேல காத்து திரும்பிடும். பாறைப் பக்கம் இழுப்பு வரும். அதுக்குள்ள முடிச்சிடுங்க." தலையை ஆட்டினார். தலைமை விருந்தினர் வரத் தாமதம். காத்திருந்தார்கள். விருந்தினர் மாலை போட்டுக்கொண்டு உட்கார்ந்த பிறகுதான் பசங்களைக் கடலில் இறக்கினார்கள்.

இறங்கியவர்களில் என் தம்பியும் ஒருவன். கேப்டன் தலையாட்டியதை நம்பி அவனிடம் நான் தனியாகச் சொல்லவில்லை. அலை அவனைப் பாறைத்திட்டில் கொண்டுபோய் அடித்தது. இடுப்பு, தொடை. இரண்டு அறுவைச்சிகிச்சை. இப்போது கம்பு ஊன்றி நடக்கிறான்.

விசாரணையில் கேப்டன் கையைக் கட்டிக்கொண்டு நின்று சொன்னார்: "அந்தம்மா ஒண்ணுமே சொல்லலீங்க. கடல் நல்லா இருக்கும்னுதான் சொன்னாங்க."

என் வேலை போயிற்று. தம்பியின் கடல் போயிற்று. அந்த ஆளுக்கு என்ன போயிற்று? சுவரெல்லாம் சிரிக்கிறார்.

தம்பி இப்போது பலகை பழுது பார்க்கும் பட்டறையில் வேலை செய்கிறான். உப்புத்தாள் போட்டு உரசிக்கொண்டே இருக்கிறான். பட்டறைக் கதவைத் திறந்தால் கடல். அவன் அதற்கு முதுகைக் காட்டி உட்கார்வான். சுவரொட்டியைப் பற்றிச் சொன்னேன். "விடுக்கா," என்றான். எப்போதும் இதே ஒரு வார்த்தை. விடு, விடு. எப்படிடா விடுவது?

மார்ச் 8, ஞாயிறு

போட்டி நாட்களுக்கான கடல் இன்னும் தெளிவாகவில்லை. தெளிந்தால் முதலில் எனக்குத்தான் தெரியும்.

மார்ச் 12, வியாழன்

தெரிந்துவிட்டது.

தெற்கே வெகுதொலைவில் ஒரு காற்றழுத்தத் தாழ்வுப்பகுதி உருவாகிறது. அதன் அலைகள் இங்கே வந்து சேர 22ஆம் தேதி, ஞாயிறு ஆகும். சனிக்கிழமை கடல் தட்டில் ஊற்றிய தண்ணீர்போல அசையாமல் கிடக்கும். ஞாயிற்றுக்கிழமை ஆளுயர அலை, அதற்கேற்ற காற்று, வருடத்தில் ஓரிரு முறை வாய்க்கிற கடல்.

கேப்டனின் பள்ளியில் சொல்லிக்கொடுக்கும் பெண் கட்டுத்துணி வாங்க வந்தாள். "அக்கா, ஃபைனலை எந்த நாள் வைக்கிறதுன்னு சார் மண்டைய ஒடச்சிக்கிறார். உங்க பேஜத்தான் பாத்துட்டே இருக்கார்," என்றாள்.

நான் எச்சரிக்கவே இல்லை என்றவர் என் பக்கத்தைப் பார்த்துக்கொண்டு இருக்கிறார்.

பொய் போடலாம். சனிக்கிழமை அபாரம் என்று ஒரு வரி போதும். வேண்டாம். பொய் அவருடைய தொழில். உண்மையைச் சொல்ல வேண்டும், அதை அவர் நம்பக்கூடாது. அன்றைக்கு உண்மையைக் கேட்டும் கேட்காததுபோல நின்றார் அல்லவா? இந்த முறை ஊரே படிக்கிற இடத்தில் உண்மை இருக்கும். அதை மிதித்துக்கொண்டு போய்த் தானே விழட்டும்.

அலை இல்லாத கடல் யாரையும் கொல்லாது. மானத்தை மட்டும் வாங்கும்.

மார்ச் 14, சனி

பட்டறைக்குப் போனேன். கேப்டனின் ஆள் ஒருவன் உடைந்த துடுப்பை ஒட்டக் கொண்டுவந்து நின்றிருந்தான். பட்டறைக்காரரிடம் பேசுவதுபோல, அவன் காதில் விழும்படி சொன்னேன்: "உங்க கேப்டன் என் பேஜப் பாத்துதானே நாள் குறிக்கப் போறாரு? குறிக்கட்டும். அவர் மண்ணக் கவ்வுறத நான் கண்ணால பாக்கணும்."

அவன் துடுப்பை விட்டுவிட்டுப் போன வேகத்தைப் பார்க்க வேண்டும்.

பட்டறைக்காரருக்குக் கோபம். "என்னம்மா இது, கடல வச்சு வெளயாடற?" என்றார். தம்பி உரசுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். விடுக்கா என்றுகூடச் சொல்லவில்லை.

மார்ச் 15, ஞாயிறு

பக்கத்தில் போட்டேன்: சனிக்கிழமை அலை இருக்காது. ஞாயிறு மிக நன்றாக இருக்கும். ஒரு எழுத்து பொய் இல்லை.

மார்ச் 16, திங்கள்

இறுதிச்சுற்று சனிக்கிழமை, ஞாயிறு வெறும் பரிசளிப்பு என்று அறிவித்துவிட்டார். "யார் என்ன சொன்னாலும் கேப்டனுக்குக் கடல் தெரியும்" என்று கீழே வேறு.

கடையில் இருமல் மருந்துப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டே சிரித்தேன். வாடிக்கையாளர் ஒருவர் பயந்துபோய்ப் பார்த்தார்.

மார்ச் 18, புதன்

அம்மா கேட்டாள், "என்னடி, பாட்டெல்லாம் முணுமுணுக்கற? வேலை ஏதும் கெடச்சிருக்கா?"

கிடைத்திருக்கிறது. சனிக்கிழமை மேடையில் விருந்தினர்கள், தொலைக்காட்சிக்காரர்கள், ஒலிபெருக்கி. எதிரே சலனமில்லாத தண்ணீர். பலகைகளின் மேல் உட்கார்ந்து நகம் கடிக்கும் போட்டியாளர்கள். அந்த முகத்தை எந்தப் பக்கமிருந்து பார்ப்பது என்பதுதான் என் யோசனை.

மார்ச் 19, வியாழன்

கடவுளே.

அந்தத் தாழ்வுப்பகுதி வேகம் பிடித்துவிட்டது. ஞாயிறு வர வேண்டியது சனிக்கிழமையே வருகிறது, காற்றோடு. காலையில் அமைதியாக இருக்கும், பளிங்குபோல. முற்பகலில் கடலிலிருந்து ஒரே வீச்சாக அடிக்கும். அலைக்கும் அலைக்கும் இடைவெளி இருக்காது. பாறைப் பக்கம் இழுப்பு, அன்றைக்கு இருந்ததைவிட மோசமாக. எத்தனை முறை வரைபடத்தைத் திருப்பிப் பார்த்தாலும் அதேதான்.

முற்பகலில் கடலில் இருக்கப் போவது யார்? சின்னப் பிள்ளைகள் பிரிவு.

உடனே போட்டேன்: சனிக்கிழமை யாரும் இறங்க வேண்டாம். ஆபத்து. கீழே வந்த பதில்கள்: "ஞாயித்துக்கிழமை அலையே இல்லன்னு போட்டீங்க?" "கேப்டன் மேல இருக்கற காண்டுல எழுதறாங்க, கண்டுக்காதீங்க." "மண்ணைக் கவ்வணும்னு இவங்க சொன்னது ஊருக்கே தெரியும்."

ஆமாம். நான்தானே ஊருக்கே தெரியும்படி சொன்னேன்.

மார்ச் 20, வெள்ளி

பழைய அலுவலகத்துக்கு ஃபோன் செய்தேன். மேலாளர் பொறுமையாகத்தான் கேட்டார். "நம்ம எச்சரிக்கை நாளைக்குச் சாயங்காலத்துலேந்துதான் ஆரம்பிக்குது. அத முன்னால தள்ளணும்னா மேல கேக்கணும். பாக்கறேன்," என்றார். பார்க்க மாட்டார்.

அந்தப் பள்ளி வாசலை மிதிக்க மாட்டேன் என்று இருந்தேன். மிதித்தேன். கேப்டன் மேடைக்குப் பூ கட்டுபவர்களை மேய்த்துக்கொண்டிருந்தார்.

"வாம்மா. வருவேன்னு தெரியும்," என்றார்.

"நாளைக்கு வேண்டாம். பிள்ளைங்கள எறக்காதீங்க. காத்து திரும்புது."

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் அலையே இல்லன்னே. நேத்துலேந்து ஆபத்துங்கற. நாளைக்குக் காலைல என்ன, சுனாமியா?"

"முன்னாடி பேசினது வேணும்னே பேசினேன். நீங்க நம்பக்கூடாதுன்னுதான் பேசினேன். ஒத்துக்கறேன். ஆனா அப்ப எழுதினதும் உண்மை, இப்ப சொல்றதும் உண்மை."

"இதுவும் நான் நம்பக்கூடாதுன்னுதானே?" என்று சிரித்தார். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள்.

அந்த ஆள் காலில் விழுந்தால் கேட்பாரா என்று ஒரு நொடி யோசித்தேன். அப்படி யோசித்த என்மேலேயே எனக்கு அருவருப்பு. அவர்மேல் அதைவிட.

வீட்டுக்கு வந்து தம்பியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். திட்டுவான் என்று நினைத்தேன். "எத்தன மணிக்குத் திரும்பும்?" என்று மட்டும் கேட்டான்.

மார்ச் 21, சனி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலையில் கடல் கண்ணாடி. ஒரு சுருக்கம் இல்லை. என்னைப் பார்த்தவர்கள் கடலைக் கை காட்டிக் காட்டிச் சிரித்தார்கள். பெற்றோர்கள் குடை விரித்து உட்கார்ந்திருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் சின்னச் சின்ன அலைகள் வர ஆரம்பித்தன. "யாரோ அலையே இருக்காதுன்னாங்க," என்று கேப்டன் மைக்கில் சொன்னார். ஒரே கைதட்டல்.

பிள்ளைகள் பலகையோடு வரிசையில் நின்றபோது தம்பி மணலில் இறங்கி வந்தான். விபத்துக்குப் பிறகு அவன் மணலை மிதித்தது இன்றுதான். அரைக்கால் சட்டை. வீட்டில்கூட அவன் அதைப் போடுவதில்லை. தொடையிலிருந்து முட்டி வரை அந்தத் தழும்பு வெயிலில் பளபளத்தது. கம்பு மணலில் புதையப் புதைய, வரிசைக்கும் தண்ணீருக்கும் நடுவில் போய் நின்றான்.

பிள்ளைகளுக்கு அவனைத் தெரியும். அவர்கள் பலகைகளை ஒட்டிக் கொடுப்பவனே அவன்தான்.

"அன்னைக்கும் கடல் இப்படித்தான் இருந்துச்சு," என்றான். கத்தவில்லை. "எங்கக்கா வேண்டாம்னு சொல்லிருந்தா. எனக்குத் தெரியாது, எங்கிட்ட யாரும் சொல்லல. உங்ககிட்ட சொல்றேன். அவ்ளோதான்."

"அந்தாளக் கூட்டிட்டுப் போங்கப்பா," என்றது மைக். யாரும் நகரவில்லை. ஒரு பெண்மணி எழுந்து வந்து, தழும்பைப் பார்த்தார், தன் மகள் கையிலிருந்த பலகையை வாங்கிக்கொண்டார். அந்தக் குழந்தை அழுதது. பிறகு ஒரு அப்பா. பிறகு வரிசையே கலைந்தது.

கேப்டன் மைக்கைத் தூக்கிப் போட்டார். "பாருங்க, நான் எறங்கறேன்," என்று பலகையோடு ஓடினார்.

நன்றாகவே சறுக்கினார், அதையும் எழுதிவிடுகிறேன். இரண்டு அலை, மூன்று அலை. அதற்குள் மேடையில் தொங்கிய துணிகள் படபடவென்று எதிர்ப்பக்கம் திரும்பின. அவ்வளவுதான். பந்தல் பிய்த்துக்கொண்டு பறந்தது. கடல் நிறம் மாறியது. அலைமேல் அலையாக, மூச்சு விட இடமில்லாமல். கேப்டனின் பலகை தனியாக வந்து கரை சேர்ந்தது. ஆள் பாறைப் பக்கம் போய்க்கொண்டிருந்தார்.

போகட்டும் என்று நினைத்தேன். இது என் நாட்குறிப்பு, இங்கேயும் பொய் சொல்ல மாட்டேன். அந்தத் தலை மேலே வந்து, மறைந்து, மேலே வந்தபோது, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்றது மனசு.

தம்பி முட்டளவு தண்ணீரில் நின்று கம்பை உயர்த்தி இடப்பக்கம் வீசினான். மறுபடி மறுபடி வீசினான். நேராகக் கரைக்கு வராதே, ஓரமாகப் போ, இழுப்பிலிருந்து விலகு என்று அர்த்தம். கேப்டன் அதைப் பார்த்தார். திரும்பி அந்தப் பக்கம் நீந்தினார். உயிர்காப்பாளர்கள் அங்கே போய்த் தூக்கினார்கள். கரையில் போட்டபோது உப்புத் தண்ணீராக வாந்தி எடுத்தார். கையெல்லாம் பாறை கிழித்திருந்தது.

மேடையில் விருந்தினர்கள் இல்லை. மேடையும் இல்லை.

மார்ச் 22, ஞாயிறு

காற்று ஓயவில்லை. யாரும் இறங்க வேண்டாம் என்று போட்டேன். யாரும் இறங்கவில்லை.

மார்ச் 27, வெள்ளி

கடைக்கு வந்தார். கையில் கட்டு. பின்னால் நாலைந்து பேர் நின்றார்கள்.

"புதுசா கட்டுப் போட துணி வேணுங்க," என்றார். நீங்க, வாங்க எல்லாம் இப்போது வருகிறது. எடுத்து வைத்தேன். போகவில்லை.

"அன்னைக்கு நீங்க சொன்னீங்க. நான் கேக்கல."

"எந்த அன்னைக்கு?" என்றேன். விடுவேனா?

பின்னால் நின்றவர்களைத் திரும்பிப் பார்த்தார். "தம்பி விழுந்த அன்னைக்கு. நீங்க சொன்னீங்க. நான்தான் விசாரணைல நீங்க சொல்லலன்னு சொல்லிட்டேன்."

இதற்காக எத்தனை பேச்சு தயார் செய்து வைத்திருந்தேன், ஒவ்வொரு வார்த்தையும் ஊசிபோல. மீதிச் சில்லறையை எண்ணி வைத்தேன். "அடுத்தவங்க வாங்க," என்றேன்.

மன்னித்தேனா? இல்லை.

ஏப்ரல் 9, வியாழன்

பெற்றோர்கள் கூடிப் பேசி முடிவு செய்துவிட்டார்கள். இனி கடற்கரையில் ஒருவர் கொடி காட்டாமல் எந்தப் பள்ளியும் பிள்ளைகளைத் தண்ணீரில் இறக்கக்கூடாது. அந்த ஒருவர் தம்பி. அம்மா அவனுக்கு ஒரு தொப்பி வாங்கி வந்திருக்கிறாள். அளவு பெரிது, காது மறைகிறது. கழற்ற மாட்டேன் என்கிறான்.

மே 2, சனி

காலையில் போட்டது: காற்று இல்லை. அலை முட்டளவு. நாள் முழுக்க நன்றாக இருக்கும். பச்சைக் கொடி.

அப்படித்தான் தம்பியிடமும் சொல்லி அனுப்பினேன். கடை திறக்குமுன் கடற்கரை வழியாகப் போனேன். கம்பத்தில் சிவப்பு. கேப்டன் தன் பிள்ளைகளோடு, கையில் பலகையோடு, தம்பியின் நாற்காலிக்கு முன்னால் வெயிலில் நின்றிருந்தார். தம்பி தொப்பியைச் சரிசெய்துகொண்டு கடலையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான். மெதுவாக எழுந்தான். மெதுவாகச் சிவப்பை இறக்கினான். மடித்தான். அதைவிட மெதுவாகப் பச்சையை ஏற்றினான். கேப்டன் தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

கிட்டே போய்க் கேட்டேன், "காலைலேந்தே பச்சைதானேடா. என்னத்தப் பாத்துட்டிருந்த?"

"ஒண்ணுமில்லக்கா," என்றான். "கொஞ்சம் நிக்கட்டுமேன்னுதான்."