அவருக்குக் கெட்டது சகவாசம்

4-7-66, திங்கள்

பம்பாய் மழை, விடியலிலிருந்து. கொடியில் ஒரு துணி காயவில்லை. தீக்குச்சியெல்லாம் நமுத்துப்போய் உரசினால் மருந்து உதிர்கிறது. இடது கைக் கட்டு நனையாமல் பாத்திரம் தேய்ப்பது பெரும்பாடு.

செம்பூரிலிருந்து மாட்டுங்காவுக்கு, அண்ணா வீட்டுக்கு வந்து ஒரு வாரம். சாதம் குழைந்துவிட்டதாம். குடித்துவிட்டு வந்த ஆத்துக்காரர், அடுப்பிலிருந்த வெந்நீரை எடுத்து என் கையில் ஊற்றினார். இதை எழுதவே இத்தனை நாள் ஆனது.

சுனாபட்டியிலிருந்து சித்தப்பா வந்தார். அண்ணாவிடம், "மாப்பிள்ளை தங்கமானவர்டா. சகவாசம்தான் கெட்டுப் போயிடுத்து" என்றார். அடுத்த மூச்சில், "பொம்மனாட்டி ஆத்தை விட்டு வந்துட்டா, கெட்டுப் போயிட்டான்னு நாலு பேர் சொல்லுவா." அண்ணா தலையாட்டினான்.

அவருக்குக் கெட்டது சகவாசம். எனக்குக் கெட்டது நான்.

5-7, செவ்வாய்

பால் திரிந்தது. நேற்றைய சாதம் ஊசிவிட்டது, மன்னி முகர்ந்து பார்த்துவிட்டுக் கொட்டினாள். என் செருப்பில் பூஞ்சக்காளான்.

மாடிவீட்டுப் பிள்ளைகளுக்குக் கெட்டது எல்லாவற்றுக்கும் ஒரே ஹிந்திச் சொல். பால் கராப், குடை கராப், கணக்கு வாத்தியாரும் கராப். அவர்களைச் சொல்வானேன். நம் தமிழில் எத்தனை இருக்கிறது! மரம் உளுத்துப்போகும். துணி இற்றுப்போகும். இரும்பு துருவேறும். கத்தரிக்காய் சொத்தை. அப்பளம்கூட நமுக்கும். பெண்டாட்டி கையை வேகவைத்தவனுக்கு மட்டும் ஒரு சொல் கிடையாது. "கொஞ்சம் முன்கோபம்." சீ.

சோப்பு, பர்னால் களிம்பு, ஊசிநூல் வாங்க வேண்டும்.

கை விண்விண்ணென்று தெறிக்கிறது. அண்ணா: "ஆறிடும் ராஜம்."

6-7, புதன்

கட்டிலிருந்து நாற்றம். மன்னிதான் கண்டுபிடித்தாள். அண்ணாவை விரட்டி என்னோடு அனுப்பினாள். கிங்ஸ் சர்க்கிள் டாக்டர் கட்டைப் பிரித்ததும் முகம் சுளித்தார்.

"சீழ் வச்சிருக்கே. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா புரையோடியிருக்கும். எப்படி ஆச்சு?"

அண்ணா முந்திக்கொண்டான். "சமைக்கறச்சே கொட்டிண்டுட்டா."

"இல்லை டாக்டர். என் ஹஸ்பெண்ட் ஊத்தினார்."

டாக்டர் பஞ்சை மாற்றினார். திரும்பும் வழியெல்லாம் அண்ணா குடையைத் தனக்கு மட்டும் பிடித்துக்கொண்டு நடந்தான். வாசல் வந்ததும், "என் மானத்தை வாங்கிட்டே."

கை அழுகலாம். மானம் கெடக்கூடாது.

8-7, வெள்ளி

வந்தார். சித்தப்பா முன்னே, அவர் பின்னே. புதுச் சவரம், நெற்றி நிறைய விபூதி, கையில் மல்லிகைப் பொட்டலம். என் கைக்கட்டைப் பார்க்கவில்லை. அண்ணாவைப் பார்த்து, "ஏதோ ஆயிடுத்து" என்றார்.

சித்தப்பா: "விஷயம் முத்தறதுக்குள்ள கிளம்பும்மா. அந்தச் சகவாசத்தை விட்டுடறேன்னு சொல்லிட்டார்."

"அன்னிக்கு அடுக்களைல சகவாசம் யாரும் இல்லை சித்தப்பா. இவரும் நானும்தான் இருந்தோம்."

"பாருங்கோ! மாட்டுங்காவுக்கு வந்து இவளுக்குப் புத்தி கெட்டுப் போயிடுத்து" என்றான் என் புருஷன்.

ஆமாம், என்றான். இனி இந்த டைரியில் அவனுக்கு 'ர்' கிடையாது.

வரமாட்டேன் என்றேன். கேட்காததுபோல இருந்தார்கள். திரும்பவும் சொன்னேன், கத்தியே சொன்னேன். மாடிவீட்டில் ரேடியோவைக் குறைத்தார்கள். பூவை மேஜையில் வைத்துவிட்டுப் போனான். மன்னி அதை எடுத்துக் குப்பைக்கூடையில் போட்டாள்.

அண்ணா: "எத்தனை நாள் இங்கேயே இருக்கப்போறே?"

நான் பிறந்த வீட்டின் கேள்வி.

11-7, திங்கள்

மழை இல்லை. புழுக்கம்.

கல்யாணத்துக்கு முன்பு டைப் அடித்த, ஃபோர்ட் பகுதியிலுள்ள ஆபீஸுக்குப் போனேன். அதே ஹெட்கிளார்க், தலை நரைத்திருக்கிறது.

"கல்யாணம்னு சொல்லித்தானே வேலையை விட்டேள்?"

"அது இனிமே இல்லை சார்."

ஒரு கடிதத்தை நீட்டி அடிக்கச் சொன்னார். கட்டுப்போட்ட கை, பிழைகள் வந்தன. பார்த்தார். "கை ஆறினதும் வாங்கோ. இப்போதைக்கு டெம்பரரிதான்."

டிரெயினில் லேடீஸ் பெட்டியில் நின்றபடி அழுதேன். துக்கமில்லை, ஆத்திரம். ஒரு கோலி மீனவப் பெண் மீன்கூடையை நகர்த்தி எனக்கு உட்கார இடம் கொடுத்தாள்.

மன்னியிடம் மட்டும் சொன்னேன். அரிசி களைந்துகொண்டிருந்தாள். திரும்பாமலே, "தனியா ரூம் பார்த்தா எனக்குச் சொல்லு ராஜம். ஒரு நாளாவது நானும் வந்து இருக்கேன்."

விளையாட்டாகச் சொல்கிறாள் என்று நினைத்தேன். களைந்துகொண்டிருந்த கை நின்றிருந்தது.

"மன்னி... அண்ணாவும் கை நீட்டறானா?"

அண்ணா உள்ளே வந்தான். காபி கேட்டான். மன்னி ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு டபராவை எடுத்தாள்.