அக்காவின் படையலில் கருகிய கருவாடு

என் அன்புக்கும் ஆத்திரத்துக்கும் உரிய அக்கா,

செத்தவர்களோடு கோபிக்கக்கூடாது என்று என் வீட்டுக்காரர் சொல்கிறார். நான் கோபிப்பேன். நீங்கள் செய்துவிட்டுப் போன வேலைக்குக் கோபிக்காமல் வேறென்ன செய்வது?

நஞ்சு உடம்புக்குள் போனால் ஈரல் அதை எப்படி உடைக்கிறது, எந்த நஞ்சிடம் தோற்றுப்போகிறது என்பதைப் படிப்பதிலேயே உங்கள் காலம் முழுக்கப் போனது. பேராசிரியை ஆனீர்கள், வெளிநாட்டுக்காரன் கூப்பிட்டு விருதும் தந்தான். லீவுக்குத் திருகோணமலைக்கு வந்தாலாவது ஓய்ந்தீர்களா? துறைமுகத்தடி மீன்கடைகளில் நின்று, ஊதிப் பெருக்கும் அந்தப் பேத்தை மீனை ஐஸ் பெட்டியில் நிரப்பி, என் குசினிக்குள் அடுப்படியிலேயே கொண்டுவந்து வைப்பீர்கள். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அதன் நஞ்சு போகாது என்று கரையோரத்துச் சனங்களுக்கு வாய் நோகச் சொன்னீர்கள். சனமும் கேட்டது. அது பெரிய காரியம்தான், இல்லை என்று சொல்லவில்லை.

ஆனால் வீட்டில்? கருகினது கூடாது. பொரித்த எண்ணெயில் திரும்பப் பொரிக்கக்கூடாது. கச்சான் கடலையில் ஒரு பருப்பு கறுத்திருந்தால் பையோடு குப்பைக்கு. நான் பொரித்த மீனின் ஓரம் கொஞ்சம் கறுத்தாலும் கத்தியால் வெட்டி எறிவீர்கள். எத்தனை நாள் நான் முகத்தைத் தூக்கிக்கொண்டு இருந்திருப்பேன்!

இப்போது பாருங்கள், நீங்கள் போன எட்டாம் நாள், எட்டுச்செலவு வந்தது. உங்களுக்குப் பிடித்ததைச் சமைத்துப் படைக்க வேண்டும். அலுமாரியைத் திறந்து சீலையை எடுத்து வைத்தேன், பதக்கத்தைத் துடைத்து வைத்தேன். சாப்பாட்டுக்கு எங்கே போவது? எது கூடாது என்பது எனக்கு மனப்பாடம். எது பிடிக்கும் என்று ஒருநாளாவது வாய் திறந்தீர்களா? பல்கலைக்கழகத்துக்குப் போன் எடுத்துக் கேட்டால், உங்கள் மாணவி அழுதுகொண்டே, "மேடம் பிளேன்டீயும் பிஸ்கட்டும்தான் சாப்பிடுவா" என்கிறாள். படையலில் பிஸ்கட்டையா வைப்பது?

அந்த நேரம் பார்த்துக் கிண்ணியா நசீர் நானா வாசலில் வந்து நின்றார். உங்களுக்குப் பேத்தை மீன் சேர்த்துத் தந்த மனிசன். கையில் ஒரு பார்சல், கட்டாக் கருவாடு.

"தங்கச்சி, இதைக் கருக்கிப் பொரிச்சு வையுங்க. மிஸ்ஸுக்கு இது எண்டா உசிர்."

"என்ன கதை கதைக்கிறீங்கள் நானா? கருகினதை அக்கா தொடவும் மாட்டா."

"எங்கட ஊட்டுக்கு வந்தா இதுதான் கேப்பா. என்ர பெண்சாதி கரியாப் பொரிச்சுக் குடுப்பா, கறுமுறு எண்டு திம்பா. வெளிய சொல்லாதீங்க எண்டுவா. 'நானா, நான் இதைத் திங்கிறதை சனம் பாத்தா, என்ர கதை எல்லாம் சும்மா எண்டு பேத்தையையும் திண்டுடும்' எண்டு சொல்லுவா."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. பிறகு பயம் வந்தது. ஊர் முழுக்க வரப்போகிறது. இதை இலையில் வைத்தால் நீங்கள் கட்டிக் காத்த சொல் போய்விடும். வைக்காவிட்டால் நீங்கள் வெறும் வயிற்றோடு போவீர்கள். போய்ச் சேர்ந்த பிறகும் இப்படி ஒரு சோதனை தர உங்களால்தான் ஏலும், அக்கா.

கருக்கித்தான் பொரித்தேன். இலையின் நடுவில் வைத்தேன். கேட்டவர்களுக்கு உள்ளதைச் சொன்னேன். நினைத்தது போலவே பக்கத்து வீட்டுப் புஷ்பம் வாயைத் திறந்தாள்.

"அப்ப மிஸ் எங்களுக்குச் சொன்னதெல்லாம் சும்மாவோ? பேத்தையும் பரவாயில்லையோ?"

"கருகின கருவாட்டில ஒரு துண்டு திண்டா ஒண்டும் ஆகாது. பேத்தையைத் திண்டா அடுத்த எட்டுச்செலவு உங்கட வீட்டிலதான்" என்றேன். கொஞ்சம் கூடித்தான் போய்விட்டது, தெரியும். அன்று இரவு முழுக்க எனக்கு நித்திரை இல்லை.

விடிந்ததும் புஷ்பம் ஒரு பையோடு வந்தாள். மகன் கரையில் யாரிடமோ வாங்கி வந்த மீன்சினையாம். "இது என்னத்தின்ர சினை எண்டு தெரியேல்லை. சட்டியில போடப் பயமாக் கிடக்கு" என்றாள். நசீர் நானாவைக் கூப்பிட்டுக் காட்டினோம். பார்த்ததுமே, "இது பேத்தைச் சினைதான்" என்றார். பின்வளவில் ஆழமாகக் கிடங்கு வெட்டிப் புதைத்தோம்.

விளங்குகிறதா அக்கா? நீங்கள் கருவாடு தின்றதைக் கேட்ட பிறகும் அவள் பயந்தாள், வந்து கேட்டாள். இந்தச் சனத்தை நீங்கள் இன்னும் கொஞ்சம் நம்பியிருக்கலாம். என்னையாவது நம்பியிருக்கலாம்.

படைத்து எடுத்த கருவாட்டில் நானும் ஒரு துண்டு தின்று பார்த்தேன். நல்ல ருசி. அதுதான் எனக்கு இன்னும் கோபம். இத்தனை வருட லீவில், ஒரே குசினியில், ஒரு துண்டை ஆளுக்குப் பாதியாகத் தின்றிருக்கலாமே!

வருடம் திரும்பி வரும் ஆட்டைத் திவசத்துக்கும் இதேதான் வரும், ஓரம் வெட்டாமல். இனிச் சந்தேகத்தோடு யார் பை கொண்டுவந்தாலும் நசீர் நானாவைக் கூப்பிட்டுக் காட்டுவேன், பேத்தை என்றால் உங்களைப் போலவே ஏசுவேன். அந்த வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன். நீங்கள் வயிறாரச் சாப்பிடுங்கள்.

கோபம் ஆறாத,
உங்கள் ஒரே தங்கச்சி