ரீகா விருந்தாளிக்குக் கொடுத்த கோட்டு

அன்பு மகள் நுட்சாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம், நீயும் அந்த ஆண்ட்வெர்ப் மழையில் சளி பிடிக்காமல் இருக்க வேண்டும். திபிலிசியில் பழைய தையல் ஆலைக்கு வெள்ளையடித்து விளக்குப் போட்டுவிட்டார்கள், உன் ஆடைக் காட்சி நடக்கப்போவதும் அங்கேதானாம், தெருவெல்லாம் துணி பார்க்க வந்த வெளிநாட்டுக்காரர்கள். ரொட்டிக்கடை வாஜாகூட, "நம்ம ஊரு பாரிஸ் ஆயிடுச்சு மாமா, மாவுக் கையோட வெளிய வரவே கூச்சமா இருக்கு" என்கிறான்.

சுற்றி வளைக்கிறேன். காட்சிக்காக நீ தைத்து முன்கூட்டியே அனுப்பிய கறுப்புக் கோட்டை நான் தூக்கிக் கொடுத்துவிட்டேன். ரீகாவில் துணிக்கடை வைத்திருக்கும் இல்சே என்ற அம்மாள் நம் மாடியறையில் தங்கியிருக்கிறாள். வீட்டில் இருப்பவளைச் சாப்பிடக் கூப்பிடாமல் இருக்க முடியுமா, கூப்பிட்டேன். கதவில் தொங்கிய கோட்டைத் தடவிப் பார்த்து, "இந்த மாதிரித் தையலை நான் மிலான்லகூடப் பார்த்ததில்ல" என்றாள். விருந்தாளி புகழ்ந்த பொருளை அப்புறம் வீட்டில் வைத்துக்கொள்வது நமக்கு வழக்கமா? எடுத்து அவள் தோளில் போட்டேன். அம்மா மேசைக்கு அடியில் என் காலை மிதித்தாள், நான் விருந்தாளிக்கு வாழ்த்துச் சொல்லி இன்னொரு கோப்பை ஒயினை உயர்த்தினேன்.

மறுநாள் நீ போனில், கடைசியாக மேடைக்கு வருவது அந்தக் கோட்டுதான், அது இல்லாமல் காட்சியே இல்லை என்றாய். பத்திரமாக இருக்கிறது என்று பொய் சொன்னேன். அம்மா, "குடுத்தது நீங்கதானே, நீங்களே போய்க் கேளுங்க" என்று சொல்லிவிட்டுப் பேச்சை நிறுத்திவிட்டாள். மாடிப்படியில் பாதி ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தேன். கொடுத்ததைத் திரும்பக் கேட்டவன் நம் குடும்பத்தில் ஒருவனும் இல்லை. கடைசியில் அவள் முகத்தைப் பார்க்காமல் கேட்டுவிட்டேன். அவள் கோபிக்கவில்லை, மடித்துத் தயாராகவே வைத்திருந்தாள். "அன்னைக்கே கேட்டேனே, உங்க பொண்ணு செஞ்சதாச்சே, அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களான்னு. நீங்க சிரிச்சுட்டீங்க" என்றாள்.

கோட்டு இப்போது உன் அலமாரியில் இருக்கிறது, சாவி அம்மாவிடம். திரும்பக் கேட்ட வெட்கம் நாலு நாளில் போய்விடும். ஆனால் அதை அவள் தோளில் போட்டபோது அது உன்னுடையது என்ற நினைப்பே எனக்கு வரவில்லை மகளே. எங்கிருந்தோ வந்தவளுக்குத் தெரிந்தது, பெற்றவனுக்குத் தெரியவில்லை. இதைப் போனில் சொல்ல நாக்கு எழவில்லை, அதனால்தான் கடிதம்.

கடவுள் உன் கையையும் கண்ணையும் காக்கட்டும். இங்கே குளிர்காற்று தொடங்கிவிட்டது, வரும்போது கம்பளிச் சட்டை மறக்காதே. விமான நிலையத்துக்கு நானும் வரலாமா, அம்மா மட்டும் வந்தால் போதுமா என்று நீயே சொல்லிவிடு.

இப்படிக்கு,
தலைகுனிந்திருக்கும் உன் அப்பா,
தாரியேல்