சலவைப் பட்டறைக்குத் தப்பிய பல்

மச்சான்,

இன்று காலை குன்னத்தூர் தோட்டத்தில் மாட்டுக்கொட்டகையை ப்ளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவினேன். அந்த நெடி ஏறியதும் உங்கள் ஞாபகம் வந்துவிட்டது. பனியன் துணிக்குச் சலவைப் பட்டறை நடத்துகிறவனுக்கு இது பழகிய நெடிதான். ஆனாலும் இன்று கண் எரிந்தது.

முன்பு இங்கே கிணற்றை ஆழப்படுத்தியபோது பழைய மாட்டு எலும்புகள் கிடைத்தன. எலும்பு ஆராய்கிற நீங்கள் பார்க்க வருகிறீர்கள் என்றதும், பட்டறை மேஸ்திரி மரியாதைக்காக அவற்றைச் சலவைத் தொட்டியில் ஊறவைத்துப் புது பனியன் போல வெளுத்து அடுக்கியிருந்தார். நீங்கள் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டீர்கள்.

"நல்லா வெளுத்தீங்க போங்க! உள்ள இருந்த டிஎன்ஏ பூராவும் போச்சுங்க."

கிணற்றுமேட்டுச் சேற்றில் ஒட்டிக் கிடந்த ஒரு பல் மட்டும் தப்பியது. "செத்த மாட்டுக்கு ஜாதகம் பார்க்கிறவர்" என்று நான் எப்போதும்போலக் கேலி செய்தேன். "நம்மூருச் சூட்டுல டிஎன்ஏ நிக்கிறதே அபூர்வமுங்க மாப்பிள்ளை, பார்க்கலாம்" என்று கொண்டுபோனீர்கள்.

பல மாதம் கழித்து வந்தபோது உங்கள் முகத்தில் சிரிப்பில்லை. அது மழை பொய்த்த காலத்து மாடு. பல்லோடு ஒட்டியிருந்த மண்ணில் கிடைத்த அந்தக் காலத்துச் செடிகளின் மகரந்தம் அப்படிச் சொன்னதாம். அதன் தாயும் தகப்பனும் ஒரே ரத்தம் என்று பல் சொன்னது.

"மேய்ச்சல் போனா மந்தை சுருங்குமுங்க. அப்புறம் வேற காளைக்கு எங்க போறது? அதுக்கு மேல, பிற்காலத்துல படிஞ்ச மண்ணுல மாட்டு எலும்பே இல்லீங்க."

உங்கள் தங்கை கொடுத்த காபியை யாரும் தொடவில்லை.

போன சித்திரையில் அதே ஆராய்ச்சிக்காகக் குழிக்குள் இறங்கியவர் வெயிலில் சுருண்டு விழுந்தீர்கள். ஆஸ்பத்திரியிலிருந்து உயிரோடு திரும்பவில்லை. அந்த வெயில்மேல் எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.

கிணறு மறுபடியும் வற்றிவிட்டது. தீவனம் வாங்கிக் கட்டுப்படியாகாமல் அக்கம்பக்கத்தில் எல்லோரும் மாடுகளை விற்றுவிட்டார்கள். சினை ஊசி போட்டும் சினை நிற்கவில்லை. கடைசியில் நம் காளையை அதன் மகளோடேயே சேர்த்தோம். நேற்றுப் பிறந்த கன்றுக்குக் கால் ஊன்றவில்லை. உங்கள் தங்கை அதன் தலையை மடியில் வைத்திருந்தாள். காலையில் அது போய்விட்டது.

புதைக்கும்போது மேஸ்திரி, நாய் தோண்டாமல் இருக்கக் குழியிலும் பவுடரைக் கொட்டப் போனார். அவர் கையைப் பிடித்துவிட்டேன்.

"ஏனுங்க?" என்றார்.

ஆராய்ச்சிக்கு அறுத்தது போக நீங்கள் திருப்பித் தந்த பாதிப் பல் என் சட்டைப்பையில் இருந்தது. மண்ணை மட்டும் தள்ளி மூடினேன். இதற்கு மேலே இனிப் படியும் மண்ணில் மாட்டு எலும்பே இல்லாமல் போனால், பின்னாளில் தோண்டுகிறவருக்கு இந்தக் கன்றாவது சொல்லட்டும், மச்சான்.