அடிச்சேறு

பிப்ரவரி 11
ஆற்றுத் தண்ணீர் இந்த மாதமும் பாஸ். என்றைக்குத்தான் ஃபெயில் ஆகியிருக்கிறது? ஆய்வகத்திலிருந்து நாங்கள் பாட்டிலில் தண்ணீர் பிடிக்கப் போகும் தேதி, முலாம் பூசும் ஆலைக்கு எங்களுக்கு முன்பே தெரிந்துவிடுகிறது. அன்றைக்கு மட்டும் அவர்கள் கழிவுக்குழாய் பரம சாது. தண்ணீர் ஓடிப்போய்விடும். அடியில் படிந்த சேற்றை அள்ளிப் பார்த்தால்தான் இவர்கள் வண்டவாளம் வெளியே வரும். சேற்றையும் சோதிக்கலாமா என்று மேலாளரிடம் மறுபடி கேட்டேன். "பாக்கலாம்" என்றார். ஆய்வகத்தில் அவருக்குப் பெயரே பாக்கலாம் சார்தான்.

பிப்ரவரி 15
அக்கா வீட்டுக்குப் போனேன். ஆற்றிலிருந்து மோட்டார் போட்டுக் கீரைப் பாத்திக்கு இறைத்துக்கொண்டிருந்தாள். அவளுடைய சின்னவள் குழாய் வாயில் உட்கார்ந்து அணை கட்டி விளையாடுகிறாள், உதட்டைச் சுற்றிச் சேறு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தூக்கிக்கொண்டு போய்க் கழுவிவிட்டேன்.

"இந்தத் தண்ணி வேண்டாம்க்கா."

"உங்க ஆபீஸ் மாசாமாசம் நல்லா இருக்குன்னுதானே சொல்லுது? பொய் சொல்றது நீயா, ஆபீஸா?"

அந்த ஆபீஸில்தானே சம்பளம் வாங்குகிறேன்.

பிப்ரவரி 22
விடுமுறை. படகுக்காரரைக் கெஞ்சிக் கூத்தாடி, அடியைக் கவ்வி அள்ளும் இரும்பு வாளியைக் கயிற்றில் இறக்கினேன். வந்தது கன்னங்கரேலென்று, பிசுபிசுவென்று. படகுக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டார். "மேல பாத்தா எவ்வளவு லட்சணமா இருக்கு" என்றார்.

பிப்ரவரி 25
அமிலத்தில் கொதிக்கவைத்துப் பார்த்தேன். முலாம் ஆலையின் நச்சு உலோகமான குரோமியம் வரம்பைத் தாண்டி எங்கேயோ போய் நிற்கிறது. கருவிதான் கோளாறோ என்று திரும்பவும் ஓட்டினேன். கோளாறு இல்லை.

சாயங்காலம் அக்காவிடம் சொன்னேன். சண்டைக்கு வருவாள் என்று நினைத்தேன். வரவில்லை. பாத்திகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "நீ சொன்னா நம்பறேன்டி" என்று எழுந்து போய் மோட்டாரை நிறுத்தினாள். ரொம்ப நாளைக்குப் பிறகு அவள்மேல் ஆசையாக இருந்தது.

மார்ச் 14
பாத்தி காய்கிறது. தெருக்குழாயில் பிடித்துச் சுமக்கும் தண்ணீர் எந்த மூலைக்கு? மாமா என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. உள்ளே போய், "உன் தங்கச்சி பேச்சக் கேட்டு நடுத்தெருவுலதான் நிக்கப் போறோம்" என்று அக்காவிடம் சொன்னார். என் காதில் விழ வேண்டும் என்றேதான் சொன்னார்.

ஏப்ரல் 2
ஆலைக்காரர்களோடு கூட்டம். பாக்கலாம் சார் முறைக்க முறைக்க எழுந்து என் சேற்று எண்ணை வாசித்துவிட்டேன்.

ஆலையின் அதிகாரி கோபப்படவில்லை. சிரித்தார். "இவ்வளவுதானே மேடம்? எங்க செலவுலயே மொத்தத்தையும் வாரிடறோம்." எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

ஏப்ரல் 20
ஆற்றில் தோண்டும் இயந்திரங்கள். கரையில் கறுப்புக் குவியல். நின்று பார்த்தேன். என்னால்தான் இது நடக்கிறது என்று கொஞ்சம் தலைக்கனம்கூட வந்தது. வரட்டுமே.

மே 6
வாரிய சேறு ஆய்வகத்துக்கு வந்தது. ஆலை கேட்டிருக்கும் சோதனை - வெறும் தண்ணீரில் ஊறவைத்துக் குலுக்கி, அந்தத் தண்ணீரில் என்ன இறங்கியிருக்கிறது என்று பார்ப்பது. மண்ணோடு ஒட்டிக்கொண்ட குரோமியம் வெறும் தண்ணீருக்கு அசைந்து கொடுக்குமா? இது இவர்களுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும்.

"இதையும் அமிலத்துல போட்டுப் பாக்கணும் சார்" என்றேன்.

"கேட்டதுக்கு மட்டும் பதில் குடும்மா. பள்ளத்துல கொட்டி மூடத்தான் போறாங்க. அதுக்கு இந்த டெஸ்ட் போதும்."

விளைநிலத்துக்கு ஆகாது என்று கீழே ஒரு வரி சேர்க்கிறேன் என்றேன். கேட்காததை எழுதுவது விதிமுறை இல்லையாம்.

மே 7
வரம்புக்குள் இருக்கிறது. எண் சரியான எண்தான். கையெழுத்துப் போட்டேன்.

ஜூன் 9
அக்கா வீட்டு வாசலிலிருந்தே தெரிந்தது. பாத்தி முழுக்கக் கறுப்பு மண், புத்தம் புதிதாய், முழங்கால் உயரத்துக்கு. சின்னவள் அதன் உச்சியில்.

"ஆலை லாரியிலயே கொண்டாந்து சும்மா கொட்டிட்டுப் போனாங்கடி. இந்த வரிசையில எல்லார் வீட்டுக்கும்."

அக்கா, அது ஆத்துச் சேறு, அது விஷம், எல்லாத்தையும் வாரி வெளிய போடு - கத்தினேன். தெருவே எட்டிப் பார்த்தது.

"நான் என்ன முட்டாளா? ஆத்துச் சேறுன்னதும் வேணாம்னுதான் சொன்னேன். டிரைவர் டெஸ்ட் பேப்பரக் காட்டினாரு. அதுல உன் கையெழுத்து. என் தங்கச்சி சரின்னு போட்டிருக்கா, அப்புறம் என்னன்னு நான்தான் பக்கத்து வீட்டுக்காரங்களுக்கும் சொன்னேன்."

ஊறவைப்பது, கொதிக்கவைப்பது, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் - எல்லாம் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே சாக்குப்போக்கு மாதிரி இருந்தது.

"அன்னைக்குத் தண்ணி ஆகாதுன்ன. நிறுத்தினேன். பேப்பர்ல மண்ணு ஆகும்ன. கொட்டினேன். இன்னைக்கு அதுவும் ஆகாதுங்கற. உனக்கு நாங்க நல்லா இருக்கறது பிடிக்கலையாடி?"

அதற்கு மேல் நிற்க முடியவில்லை. கிளம்பிவிட்டேன்.

ஜூன் 10
அந்தச் சான்றிதழை ரத்து செய்யச் சொல்லிக் கேட்டேன். "எண்ணு தப்பாம்மா?" என்றார் மேலாளர். தப்பில்லை. "அப்ப எதை ரத்து செய்யறது?" அவர் மேசையில் காகிதம் பறக்காமல் வைத்திருந்த கண்ணாடிக் குண்டைத் தூக்கி அடிக்கலாமா என்று இருந்தது. ச்சே. கையெழுத்துப் போட்ட கை என்னுடையதுதானே.

அமிலச் சோதனைக்கு எடுத்துவரலாம் என்று பாத்தி மண் ஒரு பிடி கேட்டு மாமாவுக்கு போன் செய்தேன். வீட்டுப் பக்கம் வரவேண்டாம் என்றார்.

ஜூன் 13
பக்கத்து வீட்டுக்காரர்களிடம் போனேன். "உங்க அக்காவே போட்டிருக்காங்களே" என்றார்கள்.

ஜூலை 12
அக்கா போனை எடுக்கவே மாட்டேன் என்கிறாள். இன்றைக்கு எடுத்தது சின்னவள். ரகசியக் குரலில் பேசினாள்.

"சித்தி, கீரை எவ்வளவு உசரம் வந்துடுச்சு தெரியுமா? தினமும் சாப்பிடறோம். உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு அம்மா சொன்னாங்க."