தோற்றவர்களுக்கும் ஆட்டம் உண்டு

அன்புள்ள மச்சானுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

போனில் நம் மகள் நுஸ்ஹாவின் போட்டிக் கதையை எடுத்தாலே நீங்கள் கட் பண்ணிவிடுகிறீர்கள். அதனால் எழுதுகிறேன்.

ஸ்குவாஷ் போட்டியில் முதல் ஆட்டத்தில் தோற்ற பிள்ளையை உடனே வீட்டுக்கு அனுப்புவதில்லை. தோற்றவர்களுக்குத் தனியாக ஒரு சுற்று வைத்து, அதற்கும் கிண்ணம் கொடுக்கிறார்கள். அவளைப் போட்டிக்காகக் கொழும்புக்குக் கூட்டிப் போன பிறகுதான் எனக்கே அது தெரியும். தோற்றவர்தான் அடுத்த ஆட்டத்துக்கு நடுவராக இருக்க வேண்டுமாம். நீங்கள் கத்தாரிலிருந்து போன் எடுத்தபோது நுஸ்ஹா உடனே பேச வராதது திமிரினால் அல்ல. அழுத கண்ணோடு கதிரையில் இருந்து, வேறு இரண்டு பிள்ளைகளுக்குப் புள்ளி சொல்லிக்கொண்டிருந்தாள்.

இறங்கி வந்து போனை வாங்கினாள். "தோத்துட்டாய்தானே, இன்னும் அங்க என்ன வேல? உம்மாவோட பஸ் ஏறு" என்றீர்கள். "ஓம் வாப்பா" என்றாள். பின்னேரம் அவளுக்கு இன்னொரு ஆட்டம் இருந்தது. அதைச் சொல்ல நீங்கள் இடம் கொடுக்கவில்லை.

ஊருக்குத் திரும்பும் பஸ் மஹியங்கனை தாண்டும்போது, ஜன்னலைப் பார்த்தபடி கேட்டாள்: "உம்மா, இப்ப அங்க என்ட பேரக் கூப்பிடுவாங்க, என்ன?"



ஜனவரியில் அடுத்த போட்டி. அவளுக்கு ஸ்குவாஷ் பழக்குகிற சேர் வீட்டுக்கே வந்து கேட்டார். வரமாட்டேன் என்று அவளே சொல்லி அனுப்பிவிட்டாள். "வாப்பாட்ட கேட்டுப் பாப்பமா?" என்றேன்.

"வேணாம் உம்மா. வாப்பாக்கு வெல்லுற பிள்ளதான் வேணும்."

அப்படியில்லை என்று சொன்னேன். நான் சொல்லி அவள் நம்புகிறாளில்லை.

இப்படிக்கு,
உங்கள் மகளின் உம்மா